சென்ட் போடாத தரைத் திரவம்: எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியில் ஒரு பழைய வீட்டின் இரண்டாம் கட்டில் நாங்கள் மூன்று பொருள்கள் செய்கிறோம்: தரை துடைக்க ஒன்று, பாத்திரம் தேய்க்க ஒன்று, துணி துவைக்க ஒன்று. மூன்றிலும் வாசனை கிடையாது. எங்களுக்குப் போன் செய்பவர்கள் இரண்டு வகை. ஒன்று, வீட்டுக்காரர்கள். இன்னொன்று, இதே மாதிரி ஏதாவது தொழில் தொடங்க நினைக்கும் பிள்ளைகள். எங்கே ஆரம்பித்தாலும் இரண்டு வகையினரும் "ஏன் வாசனை போடுவதில்லை?" என்பதில் வந்து நிற்கிறார்கள். அதனால் இருவருக்கும் சேர்த்து இந்தப் பக்கம்.

வாசனை வராவிட்டால் தரை சுத்தமாகிவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கண்ணாலும் காலாலும்தான். துடைத்துக் காய்ந்த தரையில் வெறுங்காலோடு நடந்து பாருங்கள். பிசுபிசுப்பு இருக்கக்கூடாது, உள்ளங்காலில் மண் ஒட்டக்கூடாது.

அழுக்கை எடுப்பது ஒரு முனையால் எண்ணெயையும் மறுமுனையால் தண்ணீரையும் பிடித்துக்கொள்ளும் சலவைப் பொருள். எங்களைப் போன்ற சிறு தொழில்காரர்கள் பெரும்பாலும் ஆசிட் ஸ்லரி என்ற அமில வடிவச் சலவை மூலப்பொருளை வாங்கி, அதன் புளிப்பை காஸ்டிக் சோடாவால் போக்கி, தண்ணீர் சேர்த்துச் செய்கிறோம். கெட்டியாக வருவதற்குச் சேர்ப்பது உப்பு, ஆமாம், சாதாரண உப்புதான். "உங்க சரக்கு தண்ணியா இருக்கே" என்று சொல்பவர்களிடம் இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். கெட்டித்தன்மைக்கும் சத்துக்கும் சம்பந்தமில்லை. சென்டும் அப்படித்தான். அது அழுக்கைத் தொடுவதே இல்லை, மூக்குக்கு ஒரு சேதி சொல்கிறது, அவ்வளவுதான்.

நீங்கள் ஒருநாளும் சென்ட் போட்டதில்லையா?

போட்டோம். இதை மறைத்துவிட்டு மற்றதைச் சொன்னால் நன்றாக இராது.

முதல் ஆறு மாதம் வாசனை போடாததற்குக் கொள்கை எதுவும் காரணமில்லை. சென்ட் ஆயில் வாங்கப் பணமில்லை. எங்கள் மூலப்பொருள் பில்லில் லிட்டர் கணக்குக்கு விலை அதிகமான பொருள் அதுதான். அப்புறம் ஒரு மொத்தக் கடைக்காரர் சொன்னார்: "மூடியத் திறந்து மோந்து பாத்துட்டுத்தாம்மா எடுக்குறாக. ஒங்க சரக்குல மோக்க ஒண்ணுமே இல்லையே." அவர் கடையில் ஒரு முழு சாயங்காலம் நின்று பார்த்தேன். அவர் சொன்னது அப்படியே உண்மை. லேபிளைப் படித்தவர் ஒருவர்கூட இல்லை, மோந்து பார்க்காதவரும் இல்லை.

'லெமன்' என்று எழுதிய கேன் ஒன்று வாங்கி வந்தோம். லிட்டருக்குச் சில மில்லிதான் போட்டோம். இரண்டே மாதத்தில் விற்பனை இரட்டிப்பானது. வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம்.

மூன்றாவது மாதம் எனக்கு மத்தியானத்தில் தலைவலி வரத் தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமைகளில் வரவில்லை. பாட்டிலில் ஊற்றும் அக்காவுக்கு தும்மலும் இழுப்பும். சின்ன வயதிலேயே அவருக்கு இழுப்பு இருந்ததாம், வேலை போய்விடுமோ என்று சொல்லாமல் இருந்திருக்கிறார். அந்தச் சமயம் பள்ளத்தூரிலிருந்து ஒரு ஆச்சி போன் செய்தார்கள்: "ஏம்மா, தரை தொடச்ச அன்னைக்கெல்லாம் பேரனுக்கு இழுக்குது. அதுல என்ன போடுறீக?"

பதில் சொல்ல முடியவில்லை. கேனில் ஒரு எண்ணும் 'லெமன்' என்ற சொல்லும் மட்டுமே இருந்தன. விற்றவரைக் கேட்டேன். அது தயாரிப்பாளரின் ரகசியம், எனக்கே தெரியாது என்றார். என் பெயரும் விலாசமும் போட்ட பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை.

அந்தப் பையனுக்கு இழுத்தது எங்கள் திரவத்தால்தான் என்று நான் சொல்லவில்லை. தூசியாக இருக்கலாம், பனியாகவும் இருக்கலாம். ஆனால் இல்லை என்று சொல்லவும் என்னிடம் வழியில்லை. நிறுத்திவிட்டோம். விற்பனை பழைய இடத்துக்கும் கீழே இறங்கியது. மொத்தக் கடைக்காரர் மீதிச் சரக்கைத் திருப்பி அனுப்பிவிட்டார். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை, அவருக்கு அவர் வியாபாரம்.

சரி, வாசனைப் பொருள்கள் உடம்புக்கு உண்மையில் என்ன செய்கின்றன?

எல்லாருக்கும் ஒரே மாதிரி எதுவும் செய்வதில்லை. பலருக்கு ஒன்றும் ஆகாது. சிலருக்குத் தலைவலி, ஒற்றைத் தலைவலி, மூக்கடைப்பு, கண் எரிச்சல், தோல் அரிப்பு. ஆஸ்துமா இருப்பவர்களில் சிலருக்கு இழுப்பைத் தூண்டிவிடும். ஆன் ஸ்டைன்மன் என்ற ஆய்வாளர் அமெரிக்காவில் நடத்தி 2016ல் வெளியிட்ட கருத்துக் கணிப்பில், வாசனையூட்டிய பொருள்களால் ஏதோ ஓர் உபாதை வருகிறது என்று 34.7 விழுக்காட்டினர் சொன்னார்கள். அவர்கள் தாங்களாகச் சொன்னது அது, மருத்துவர் சோதித்துச் சொன்னதல்ல. இந்த வேறுபாட்டை விட்டுவிட்டு அந்த எண்ணை மட்டும் பரப்புகிறவர்கள் எங்களைப் போன்ற விற்பனையாளர்கள்தான்.

வாசனை என்பது காற்றில் சுலபமாக ஆவியாகும் வேதிப்பொருள்களின் கூட்டம். ஆவியானால்தான் மூக்குக்கு வரும். எலுமிச்சை மணத்துக்குக் காரணமான லிமோனீன், காற்றிலுள்ள ஓசோனோடு சேரும்போது கொஞ்சம் ஃபார்மால்டிஹைடும் மிக நுண்ணிய துகள்களும் உண்டாகின்றன. முற்றம் வைத்த வீட்டில் அது காற்றோடு போய்விடும். ஏசி போட்டு அடைத்த படுக்கையறையில் போக இடமில்லை. அதே லிமோனீனும், லாவெண்டரில் இருக்கும் லினலூலும் காற்றுப்பட்டு நாளாக ஆகத் தோல் ஒவ்வாமையைத் தூண்டும் பொருள்களாக மாறுகின்றன. மூடி சரியாக மூடாமல் ஒரு வருஷம் குளியலறையில் நின்ற பாட்டில், புதுப் பாட்டிலைவிட அதிகம் அரிப்பைத் தரலாம் என்பது இதனால்தான்.

எங்களுக்குச் சாதகமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நார்வேயின் பெர்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 6,235 பேரைச் சுமார் 20 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2018ல் வெளியிட்ட ஆய்வில், சுத்தம் செய்யும் பெண்களின் நுரையீரல் திறன் மற்றப் பெண்களைவிடச் சற்று வேகமாகக் குறைந்திருந்தது. ஆண்களிடம் அந்த வித்தியாசம் தெரியவில்லை. அங்கே பார்த்தது சுத்தம் செய்யும் பொருள்களைப் பொதுவாக, வாசனையைத் தனியாக அல்ல. ஆகவே சென்ட் இல்லாத எங்கள் திரவத்தையும் ஜன்னலைத் திறந்து வைத்து, சொன்ன அளவு மட்டும் கலந்து பயன்படுத்துங்கள். எந்தத் திரவமானாலும் ஸ்ப்ரேயாக அடிப்பதைவிடத் துணியில் நனைத்துத் துடைப்பது மேல். மூச்சில் போவது குறையும்.

லேபிளைப் பார்த்து வாங்கினால் போதாதா?

லேபிளில் இருந்தால்தானே பார்ப்பதற்கு. 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகள் கேட்பவை தயாரிப்பாளர் பெயர், விலாசம், பொருளின் பெயர், நிகர அளவு, தயாரித்த மாதம், விலை, புகார் சொல்ல எண், இப்படிப்பட்டவை. தரைத் திரவத்தில் என்னென்ன சேர்த்தோம் என்ற பட்டியல் அதில் வராது. வேறு நாடுகளிலும் 'ஃப்ராக்ரன்ஸ்' என்ற ஒரே சொல்லுக்குள் பல டஜன் பொருள்கள் ஒளிந்துகொள்ள முடியும். ஸ்டைன்மன் குழு வாசனையூட்டி விற்கப்பட்ட 25 பொருள்களைச் சோதித்தபோது 133 ஆவியாகும் வேதிப்பொருள்கள் கிடைத்தன. அத்தனையிலும் லேபிளில் எழுதப்பட்டிருந்தது ஒன்றே ஒன்று. 'பசுமை' என்று விற்றவையும் இதில் வேறுபடவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2003ல் ஒவ்வாமை தரும் 26 மணப்பொருள்களைப் பெயர் சொல்லி எழுதச் செய்தது. அழகுப் பொருள்களுக்கு அந்தப் பட்டியல் 2023ல் 80ஐத் தாண்டியது.

இன்னொன்று. 'அன்சென்டட்' என்று போட்டிருந்தால் வாசனைப் பொருளே இல்லை என்று நினைக்காதீர்கள். மூலப்பொருளின் வாடையை அமுக்க இன்னொரு மணப்பொருளைப் போட்டு, மூக்குக்கு ஒன்றும் தெரியாமல் செய்திருக்கலாம். எங்கள் திரவத்தைத் திறந்தால் லேசாக ஒரு சோப்பு வாடை வரும். அது ஆசிட் ஸ்லரியின் வாடை. அதை மறைக்க நாங்கள் எதுவும் போடவில்லை.

இயற்கை மணம் போடலாமே? எலுமிச்சைப் புல், வேம்பு, யூகலிப்டஸ்?

மேலே சொன்ன லிமோனீன் எலுமிச்சைத் தோலிலிருந்து வருவதுதான். மூலக்கூறுக்குத் தான் பிறந்தது மரத்திலா ஆலையிலா என்று தெரியாது.

பூஜைக்கு ஊதுபத்தியும் சாம்பிராணியும் ஏற்றுகிறோமே?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் குரலில் கொஞ்சம் கோபம் இருக்கும். நியாயம்தான். எங்கள் வீட்டிலும் ஏற்றுகிறோம்.

ஆனால் எரிவது எதுவானாலும் புகை வரும், புகையில் நுண்துகள் இருக்கும். இதில் நம் பக்கத்து மக்கள் நெருக்கமாக உணரக்கூடிய ஓர் ஆய்வு உண்டு, சிங்கப்பூரில் நடந்தது. 1993க்கும் 1998க்கும் இடையில் 61,320 சீன வம்சாவளியினரைச் சேர்த்து 2005 வரை தொடர்ந்து பார்த்தார்கள். நீண்ட காலம் நிறைய ஊதுபத்தி ஏற்றியவர்களிடம் வாய், தொண்டை போன்ற மேல் சுவாசப்பாதைப் புற்றுநோய்களில் சில அதிகம் இருந்தன. நுரையீரல் புற்றுநோயில் மொத்தத்தில் வித்தியாசம் தெரியவில்லை. அவர்களில் பலர் வீட்டில் நாள் முழுக்கப் பத்தி எரிவது வழக்கம். நாம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு தூபக்காலைச் சுற்றிவிட்டு வைப்பதையும் அதையும் ஒன்றாக்க முடியாது. முற்றத்துப் பக்கம் வைத்து ஏற்றுங்கள், கைக்குழந்தை தூங்கும் அறைக்குள் காட்ட வேண்டாம். சுடு சாம்பிராணிப் புகையில் தலை உலர்த்துவது பிள்ளைத்தாய்ச்சிக்கு நல்லது என்று பெரியவர்கள் சொல்வார்கள். இழுப்பு உள்ளவர்களுக்கு அது வேண்டாம்.

கொசுவர்த்திச் சுருளைத்தான் நான் முதலில் வீட்டை விட்டு எடுப்பேன். 2003ல் வந்த ஓர் ஆய்வு, ஒரு சுருள் எரிந்து முடியும்போது வரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் எரிந்ததற்குச் சமம் என்று கண்டது. அதுவும் இரவு முழுக்க, மூடிய அறையில், குழந்தையின் தலைமாட்டில். வலை கட்டிக்கொள்ளுங்கள்.

பீரோவில் பாச்சை உருண்டை போடலாமா?

வாசனை பற்றி வரும் கேள்விகளில் எனக்கு உண்மையாகவே பயம் தருவது இது ஒன்றுதான்.

பாச்சை உருண்டை, அந்துருண்டை என்று நாம் சொல்வது நாப்தலீன். சிலவற்றில் பாராடைக்ளோரோபென்சீன். கழிப்பறையில் தொங்கவிடும் கலர் கட்டிகளிலும் இந்த இரண்டாவது இருப்பதுண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு இரண்டையும் '2பி' வரிசையில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற வரிசையில் வைத்திருக்கிறது. ஆனால் உடனடி ஆபத்து வேறு. ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைகளுக்கு நாப்தலீன் பட்டால் இரத்தச் சிவப்பணுக்கள் உடையும். மஞ்சள் காமாலை கடுமையாகும், மூளை வரை பாதிக்கலாம். குறைபாடு இருப்பது சோதிக்கும்வரை யாருக்கும் தெரியாது.

இங்கே என்ன செய்கிறோம்? குழந்தை பிறந்தால் புதுத்துணி குத்தும் என்று, பழைய மெல்லிய வேட்டியையும் சேலையையும் கிழித்துச் சுற்றுகிறோம். நல்ல வழக்கம்தான். அந்த வேட்டியும் சேலையும் பீரோவிலிருந்து, உருண்டைகளுக்கு நடுவிலிருந்து வருகின்றன. வீட்டில் பிள்ளைப்பேறு வருகிறது என்றால் அந்தத் துணிகளை ஒரு மாதம் முன்பே எடுத்து, பலமுறை அலசி, வெயிலில் காயப்போட்டு, உருண்டை இல்லாத இடத்தில் வையுங்கள். உருண்டை வாடை கொஞ்சம் இருந்தாலும் குழந்தைக்கு வேண்டாம். தவழும் பிள்ளை அதை மிட்டாய் என்று வாயில் போட்டுவிட்டால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். கற்பூரத்துக்கும் இதேதான். விழுங்கினால் சற்று நேரத்திலேயே வலிப்பு வரலாம்.

கண்டாங்கிச் சேலை பருத்தி. அந்துப்பூச்சியின் புழு தேடுவது பட்டுத் துணியையும் கம்பளியையும், அதிலும் வேர்வையும் எண்ணெயும் பட்டதை. பருத்தியை அரிப்பது பெரும்பாலும் ராமபாணப் பூச்சி, அதற்குப் பிடித்தது கஞ்சி. கஞ்சி போடாமல் துவைத்து, நன்றாகக் காயவைத்து, இறுக மூடும் பெட்டியில் வைத்தால் உருண்டைக்கு வேலையில்லை.

வருஷம் பூராவும் பூட்டியிருந்த வீடு. திறந்தால் ஒரே வாடை. ரூம் ஸ்ப்ரே இல்லாமல் என்ன செய்வது?

முன்னோர்க்கான படைப்புக்கோ கல்யாணத்துக்கோ சென்னையிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வருபவர்கள் கேட்பது. வீடு திறந்த அரைமணி நேரத்தில் நாலு டப்பா ஸ்ப்ரே அடித்து, வவ்வால் வாடையும் மல்லிகை வாடையும் சேர்ந்து ஒரு புது வாடையாகி நிற்கும்போது எங்களுக்குப் போன் வரும்.

இந்த வீடுகளைக் கட்டியவர்கள் நமக்கு முன்பே யோசித்திருக்கிறார்கள். முகப்பு வாசலில் நின்று பார்த்தால் வளவு, இரண்டாம் கட்டு எல்லாம் தாண்டிப் பின்கட்டு வாசல் வரை நேர்கோட்டில் தெரியும். எல்லாக் கதவையும் திறந்து வைத்தால் காற்று அந்தக் கோட்டிலேயே ஓடி, முற்றம் வழியாக மேலேயும் போகும். முதல்நாள் காலையில் திறந்தது சாயங்காலம் வரை திறந்தே இருக்கட்டும். அன்று துடைக்கக்கூட வேண்டாம்.

அடுத்து வாடை எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள். ஓடு உடைந்து மழைநீர் இறங்கிய மூலை, பூஞ்சை பிடித்த மெத்தை, வவ்வால் தங்கும் மாடி அறை. வவ்வால் எச்சத்தைக் காய்ந்தபடியே பெருக்காதீர்கள். அந்தத் தூசியில் நுரையீரலைப் பாதிக்கும் பூஞ்சை இருக்கலாம். தண்ணீர் தெளித்து நனைத்து, மூக்கையும் வாயையும் நல்ல முகக்கவசத்தால் மூடிக்கொண்டு அள்ளுங்கள். மூலை காய்ந்து, எச்சம் போய், மெத்தை வெளியேறினால் வாடையும் போகும். தரைத் திரவம் அதற்கப்புறம்தான். ஒரு லிட்டர் போதும் என்று நான் சொல்லும்போது பக்கத்தில் இருக்கும் என் தம்பிக்குக் கோபம் வரும். ஐந்து லிட்டர் விற்றிருக்கலாம் என்பான்.

ஆத்தங்குடித் தளத்துக்கு இது ஒத்துவருமா?

வரும். அந்தக் கல் சூளையில் சுட்டதல்ல. கண்ணாடி மேல் கலர்க் கலவையை ஊற்றி, சிமெண்டும் மணலும் வைத்து, தண்ணீரில் ஊறவைத்துச் செய்வது. அதனால் ஆசிட் கலந்த எதுவும் அதைத் தின்றுவிடும், எலுமிச்சைச் சாறும் வினிகரும் உட்பட. தண்ணீரோடு கொஞ்சம் திரவம் போதும். எப்போதாவது தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் துடைத்தால் பளபளக்கும் என்று பழைய வீட்டுக்காரர்கள் செய்வது சரியே, வழுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசிய சுண்ணாம்புச் சுவருக்கு வெறும் ஈரத்துணி. எங்கள் திரவம்கூட வேண்டாம்.

பிளீச்சிங் பவுடரோடு கலந்து ஊற்றலாமா?

எங்கள் திரவத்தோடும் வேண்டாம், எதோடும் வேண்டாம். முக்கியமாக, கக்கூஸ் கழுவும் ஆசிட்டோடு பிளீச்சிங் பவுடர் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். சின்னக் கழிப்பறையில் அது ஆளையே சாய்த்துவிடும்.

வாசனையில்லாமல் முதல் வாடிக்கையாளர்களை எப்படிப் பிடித்தீர்கள்?

இனி வருபவை தொழில் தொடங்கும் பிள்ளைகளுக்கு. வீட்டுக்காரர்கள் நேராகக் கடைசிக் கேள்விக்குப் போகலாம்.

கடை அலமாரியில் வாசனைக்கு முன்னால் நாங்கள் தோற்றுப்போவோம் என்பது தெரிந்துவிட்டது. மோந்து பார்க்காத இடத்தில் விற்க வேண்டும். அது எது? வீட்டுத் தரைதான். ஒரு வாளி, ஒரு துணி, ஒரு பாட்டில் எடுத்துக்கொண்டு தெரிந்தவர் வீடுகளுக்குப் போனோம். கூடத்தில் பாதியை அவர்கள் வைத்திருக்கும் திரவத்தால் துடைப்போம், மறுபாதியை எங்களுடையதால். காய்ந்ததும் ஆச்சியை நடந்து பார்க்கச் சொல்வோம். ஒரு நாளைக்கு மூன்று வீடுதான் முடியும். தம்பி கேட்டான், "இப்படியே போனா ஊர் முடியறதுக்குள்ள நமக்கு நரைச்சிரும்ல?"

முடியத் தேவையிருக்கவில்லை. கானாடுகாத்தானில் ஒரு ஆச்சிக்குப் பிடித்திருந்தது. அவர்கள் தேவகோட்டையில் இருக்கும் தங்கைக்குச் சொன்னார்கள். அந்தத் தங்கை வீட்டுக் கல்யாணத்துக்கு வந்த நாலு ஊர்ச் சொந்தங்கள் பாட்டிலைப் பார்த்தார்கள். இந்த ஊர்களில் சேதி போகும் பாதை ஏற்கெனவே போடப்பட்டிருக்கிறது. சொந்தமும் கோயிலும் விசேஷமும் அந்தப் பாதை. அதில் ஏற ஒரு வீடு மனதாரச் சொல்ல வேண்டும். ஒரு பொருட்காட்சியில் 300 சாம்பிள் பாட்டில் இலவசமாகக் கொடுத்தோம், திரும்பி வந்தவர்கள் நாலு பேர். இலவசமாக வாங்கியதை யாரும் இன்னொருவருக்குச் சொல்வதில்லை.

அந்தத் துடைப்புகளில் கிடைத்த இன்னொன்று, தப்புகள் தெரிந்தது. போர்த் தண்ணீர் உப்பாக இருக்கும் வீடுகளில் எங்கள் திரவம் நுரைக்கவே இல்லை, தரையில் வெள்ளையாகப் படிந்தது. கடையில் விற்றிருந்தால் அந்த வீட்டுக்காரர்கள் பேசாமல் வேறு பாட்டிலுக்குப் போயிருப்பார்கள், எங்களுக்குத் தெரிந்தே இருக்காது. பக்குவத்தை மாற்ற நாலு மாதம் பிடித்தது.

வளர்கிறோமா இல்லையா என்று எதை வைத்துச் சொல்வது?

இரண்டாவது பாட்டிலை வைத்து.

என் அப்பா ஒரு நகரத்தார் வீட்டில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். எங்கள் முதல் மாத விற்பனைக் கணக்கைப் பார்த்துவிட்டு, "இதுல திரும்பி வந்தது எத்தனை?" என்று மட்டும் கேட்டார். அன்றிலிருந்து ஒரு நோட்டு. ஒரு வீட்டுக்கு ஒரு வரி. முதல் பாட்டில் வாங்கிய தேதி, அறுபது நாளுக்குள் இரண்டாவது வாங்கினார்களா, இல்லையென்றால் ஏன். பத்தில் ஆறு வீடு திரும்பி வந்த பிறகுதான் அடுத்த ஊருக்குப் போனோம். லெமன் காலத்தில் விற்பனை இரட்டித்தபோது இந்த நோட்டில் எழுத எங்களிடம் ஒன்றும் இருக்கவில்லை. கடை வழியாகப் போனது யார் கைக்குப் போனது, அவர் மறுபடி வாங்கினாரா, தெரியாது. அந்த இரட்டிப்பு வளர்ச்சிதானா என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது.

வாரம் 5 விழுக்காடு வளர வேண்டும் என்று ஸ்டார்ட்அப் கூட்டங்களில் சொல்வார்கள். கூட்டுவட்டி தெரிந்த ஊர்க்காரர்கள் நாம், போட்டுப் பார்ப்போம். வாரம் 100 பாட்டில் விற்பவர் 52 வாரம் இப்படி வளர்ந்தால் ஆண்டு முடிவில் வாரம் 1,264 பாட்டில். இரண்டாம் ஆண்டு முடிவில் கிட்டத்தட்ட 16,000. மூன்றாம் ஆண்டு முடிவில் வாரம் இரண்டு லட்சம். 2011 கணக்கெடுப்பில் காரைக்குடியின் மக்கள்தொகை ஒரு லட்சத்துக்குச் சற்று மேல். ஆளுக்கு வாரம் இரண்டு பாட்டில் குடித்தால்தான் முடியும். செயலி செய்பவருக்குப் பொருந்தும் கணக்கு கேன் தூக்குபவருக்குப் பொருந்தாது. வாரம் ஒரு விழுக்காடு வளர்ந்தால் ஆண்டுக்கு 1.7 மடங்கு. எங்களுக்கு அதுவே மூச்சு வாங்குகிறது.

கடைகளுக்குக் கடன் கொடுக்கலாமா? வெளி முதலீடு வாங்கலாமா?

பர்மாவில் லேவாதேவி செய்த வீடுகளின் கதை இங்கே எல்லாருக்கும் தெரியும். 1930களின் மந்தத்தில் நெல் விலை விழுந்து, கடனுக்கு ஈடாக நிலம் கைக்கு வந்தது. கணக்கில் சொத்து ஏறியது. 1942ல் ஜப்பான் படை வந்தபோது அதைப் பெயர்த்து எடுத்துவர முடியவில்லை. அப்பா இதை அடிக்கடி சொல்வார், நாங்கள் கடைகளில் 45 நாள் கடனில் சரக்கு வைத்தபோது இன்னும் அடிக்கடி சொன்னார். சிறு தொழிலுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. அதைக் கடைக்காரரிடம் எடுத்துக்காட்டிப் பாருங்கள், டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார். இப்போது வீடுகளுக்குக் கைக்காசு, விடுதிகளுக்குப் பதினைந்து நாள், கடைகளுக்குக் கடன் இல்லை.

முதலீடு பற்றி: ஒருவர் முன்வந்தார். அவர் முதலில் கேட்டது மூன்று வாசனைகளில் புது ரகம். அத்துடன் பேச்சு முடிந்தது. எந்திரம் வாங்க வேண்டுமென்றால் பிஎம்இஜிபி என்ற மத்திய அரசின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில் உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம் வரை திட்ட மதிப்பு எடுத்துக்கொள்வார்கள். மானியம் யார், எங்கே என்பதைப் பொறுத்து 15 முதல் 35 விழுக்காடு. மாவட்டத் தொழில் மையத்தில் விசாரியுங்கள். சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவுக்குக் கட்டணம் கிடையாது, தரகருக்குப் பணம் கொடுக்காதீர்கள். வேறு மாநிலத்துக்குச் சரக்கு விற்பதானால் விற்றுமுதல் சின்னதானாலும் முதலில் ஜிஎஸ்டி எடுத்துவிடுங்கள்.

'கெமிக்கல் இல்லாதது' என்று போட்டால் நன்றாக விற்குமே?

விற்கும். ஆனால் தண்ணீரே ஒரு கெமிக்கல். காஸ்டிக் சோடாவைக் கையாண்டு கையில் தழும்பு வாங்கியவள் அந்தச் சொல்லை எழுத முடியாது. 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், 'இயற்கை', 'பசுமை' போன்ற சொற்களை ஆதாரமில்லாமல் விளம்பரத்தில் போடுவதற்கு எதிராக வழிகாட்டுதல்களும் கொண்டுவந்துவிட்டது. எங்கள் பாட்டிலில் போட்டதையெல்லாம் எழுதியிருக்கிறோம், சட்டம் கேட்காவிட்டாலும். ஆறு வரிதான் வந்தது.

விடுதிக்காரர்கள் ஒத்துக்கொண்டார்களா?

பாதிப்பேர். பழைய வீட்டை விடுதியாக்கியவர்களுக்கு அறைக் கதவு திறந்ததும் விருந்தாளி ஒரு வாசனையை எதிர்பார்க்கிறார் என்ற பயம். ஒரு மேலாளர் எங்கள் திரவத்தால் துடைத்துவிட்டு, கொட்டானில், அதாவது ஓலைக் கூடையில், இரண்டு கைப்பிடி வெட்டிவேர் போட்டு மேசையில் வைக்கிறார். வாசனை பிடிக்காதவர் அதை வெளியே எடுத்து வைத்துவிடலாம். தரையை அப்படி வெளியே எடுத்து வைக்க முடியாது. எனக்கு அந்த யோசனை பிடித்திருந்தது, காசு கேட்காமல் மற்ற விடுதிகளுக்கும் சொல்லி வருகிறேன்.

அப்படியென்றால் உங்கள் வீட்டில் வாசனையே கிடையாதா?

ஏன் இல்லாமல்? அம்மாவின் ஜவ்வாது டப்பா இருக்கிறது. வெள்ளிக்கிழமை சாம்பிராணி உண்டு, முற்றத்தில். சாயங்காலம் தெருவில் மல்லிகைக்காரம்மா வந்தால் ரெண்டு முழம். மல்லிகையிலும் லினலூல் இருக்கிறது, எனக்குத் தெரியும். பாட்டிலில் ஊற்றும் அக்காவுக்கு மட்டும் பூ வாங்குவதற்கு முன்னால் கேட்டுக்கொள்வேன். முல்லை என்றால் அவருக்கு ஒன்றும் செய்யாதாம்.